லீவு கேட்காத கம்ப்யூட்டர்

மெத்தைக் கடை முதலாளிக்கு ஒரு மாதமாகக் கால் தரையில் பாவவில்லை. வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்பதற்கெல்லாம் தானே பதில் போடும் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்.

வரவேற்பு மேஜைப் பெண்ணை அறைக்குள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"ஒருத்தர் முதுகு வலின்னு எழுதியிருக்கார். 'விலை கூடினது வேண்டாங்க, கெட்டியான மெத்தையே போதும்'னு என்ன அக்கறையா பதில் போட்டிருக்கு பாரும்மா. மறுநாளே வந்து மூணு மெத்தை வாங்கிட்டுப் போனார். ஞாயித்துக்கிழமைகூட லீவு எடுக்கல. மனுஷங்களால முடியுமா?"

"கஷ்டம்தான் சார்," என்றாள் அவள்.

"அதனால, இனிமே இங்க உனக்கு..." அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தவர், போன் அடிக்கவும் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசறோம். ஒரு மாசம் இழுத்தடிச்சதுக்கு மன்னிக்கணும். பதில் எழுதற புரோகிராமை இன்னிக்கு வந்து போட்டுடறோம்."

முதலாளி போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"கேள்வி வந்துகிட்டே இருந்துது சார். பதில் போடாம விட மனசு வரல. வீட்லேர்ந்தும் போட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் தன் மேஜைக்குப் போனாள்.

கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். அவளை நேரில் கேட்க வாய் வராமல், வாடிக்கையாளரைப் போலத் திரையில் எழுதினார்.

'முதலாளி கேட்கிறேன். அந்தப் புரோகிராம் வேண்டாம்னு சொல்லிடவா?'

வெளியே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

'சொல்லிடாதீங்க சார். இந்த ஞாயித்துக்கிழமையாவது எனக்கு லீவு வேணும்.'