ஞாயிறு டேப்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கம்பத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பவானி, அதில் உள்ளதையெல்லாம் தினமும் டேப்பில் நகல் எடுத்து வைப்பாள். திங்கள் முதல் சனி வரை கிழமைக்கு ஒரு டேப். ஆயுத பூசையன்று கம்ப்யூட்டர், டேப் எல்லாவற்றுக்கும் அள்ளி அள்ளிக் குங்குமம் வைத்தாள். மறுவாரம் கம்ப்யூட்டர் செத்தது. குங்குமத் தூள் புகுந்த டேப் ஒன்றுகூட ஓடவில்லை.

"ஆபரேசனுக்குப் படுத்திருக்கிற கர்ணன் அண்ணனோட பழைய ஸ்கேனைப் பாக்காம கத்தியை எடுக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாக," என்று ஓடிவந்தாள் நர்ஸ் பெனிஷா. "டேப்புக்குப் பொட்டு வச்சியே ஆத்தா, பூவும் சுத்திருக்கலாம்ல?"

அழுதபடி அலமாரியைத் துழாவிய பவானியின் கையில் குங்குமம் படாத ஒரு டேப் அகப்பட்டது. அதன்மேல் 'ஞாயிறு' என்று இன்னாசியம்மாளின் கையெழுத்து. பவானிக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவள். இறந்து இரண்டு வருஷமாகிறது. ஞாயிறன்று அந்த அறை பூட்டியே கிடக்கும். ஆனாலும் போன சனிக்கிழமை வரை எல்லாம் அந்த டேப்பில் இருந்தது. கர்ணன் பிழைத்தார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் பவானி அந்த டேப்பை மெஷின் மேல் வைத்து, "சர்ச்சுக்குப் போய்ட்டு மெதுவா வாங்கக்கா," என்று சொல்லிவிட்டு அறையைப் பூட்டுவாள். திங்கள் காலையில் டேப் நிறைந்திருக்கும். தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்.

உங்கள் வீட்டிலும் தொலைந்ததெல்லாம் கிடைக்கட்டும். எடுத்து வைக்கும் கை என்றும் உங்களை விட்டுப் போகாதிருக்கட்டும்.