தொட்டால்தான் தொடர்பு

"கார்டை எடுத்துக்கிட்டியா?" என்று கணவன் ஈஸ்வரபாண்டி மூன்றாவது முறையாகக் கேட்டான்.

ஜோதிலட்சுமி ஐந்து மணிக்கே எழுந்து, தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றி, அவனுக்கு டிபனும் கட்டியிருந்தாள். இப்போது கைப்பையைத் திறந்து காட்டினாள். 'ஜோதிலட்சுமி, ஸ்டாஃப் நர்ஸ்' என்று ரோஸ் கலரில் கட்டுக்கட்டாக இருந்தது. ஓடைப்பட்டியில் நர்ஸுக்கு எதற்கம்மா விசிட்டிங் கார்டு என்று அச்சாபீஸ்காரரே சிரித்திருந்தார்.

"திங்கக்கிழமை மதுரையில இன்டர்வியூ. புரட்டாசி பொறந்தா எனக்கு முப்பத்தஞ்சு. அதுக்கு மேல சவுதிக்காரன் எடுக்க மாட்டான். இன்னிக்குத் தேனி முகாமுல அந்த ஏஜென்ட் சார்கிட்ட சிபாரிசு லெட்டர் வாங்கலைன்னா, சாகுற வரைக்கும் இங்கனயே குளுகோஸ் பாட்டில் மாட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்" என்றாள். தேனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

தேனியில் ஒரு கல்யாண மண்டபம். 'செவிலியர் தொடர்பு வளர்ப்பு முகாம்' என்று பேனர். மேடையில் கோட்டும் டையும் வேர்வையுமாக அய்யாத்துரை. வெளிநாட்டுக்கு நர்ஸ் அனுப்புகிறவர். நாலு நாளைக்கு முன்புதான் துபாயிலிருந்து வந்து இறங்கினாராம். அதை ஐந்து தடவை சொல்லிவிட்டார்.

"ஊசி போடத் தெரிஞ்சாப் போதாது சிஸ்டர்ஸ். காண்டாக்ட் வேணும்! தொட்டால்தான் தொடர்பு! கையைக் குடுங்க, கார்டைக் குடுங்க. யார் அதிகமா காண்டாக்ட் சேக்குறாங்களோ, அவங்களுக்கு என் கையெழுத்துப் போட்ட சிபாரிசு லெட்டர்!" இருமினார். "தேனிக் காத்து சேரல."

பதினோரு மணி வரை ஒரே கைகுலுக்கல். ஒரே வார்டில் ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட "கிளாட் டு மீட் யூ" என்றார்கள். ஜோதிலட்சுமிக்கு இரண்டு வளையல் உடைந்தது. அய்யாத்துரையைத்தான் நெருங்க முடியவில்லை. பலாச்சுளையை ஈ மொய்த்த மாதிரி கூட்டம். முண்டியடித்து ஒரே ஒரு முறை அவர் கையைத் தொட்டாள். நெருப்பாய்ச் சுட்டது. பெரிய மனிதர் கை அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்துக் கைகுலுக்கல் முடிந்த பிறகு ஒரு பெண் வந்தாள். முக்காட்டை மூக்கு வரை இழுத்துப் பிடித்திருந்தாள். கையில் நீள நோட்டு. யாருக்கும் கை கொடுக்காமல், வரிசை வரிசையாகப் பேர் எழுதிக்கொண்டே வந்தாள்.

"உத்தமபாளையத்துப் பாய் வீட்டு ஆளு போல. ஆம்பளைக்குக் கை குடுக்க மாட்டாக, சரி. பொம்பளைக்குமா?" என்று பக்கத்து நாற்காலி ராஜமணியிடம் ஜோதிலட்சுமி முணுமுணுத்தாள். "தொடாமலே காண்டாக்ட் சேக்குறா பாருக்கா, கள்ளி! லெட்டரைத் தட்டிட்டுப் போயிருவா."

கள்ளி எதிரே வந்து நின்றாள். "நான் சாஜிதா. பேரு, ஊரு, போன் நம்பர் சொல்லுங்க சிஸ்டர்."

"எனக்குக் கார்டே இருக்கு." வீசாத குறையாக நீட்டினாள்.

"சாருக்குக் கை குடுத்தீகளா?"

போட்டிக்காரியிடம் போய், ஒரே ஒரு தடவை என்று சொல்ல முடியுமா? "நாலு தடவ. காலையில டிபனே அவரு பக்கத்துல உக்காந்துதான். தன் தட்டுல இருந்த வடையைப் பிச்சு எனக்குப் பாதி குடுத்தாருன்னாப் பாத்துக்கங்க."

சாஜிதாவின் பேனா நின்றது. "அம்புட்டு நெருக்கமா?"

"கூடப் பொறந்தவ மாதிரி."

சாஜிதா அந்தப் பேருக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். வயிறு எரியட்டும் என்று ஜோதிலட்சுமி கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் அய்யாத்துரை மைக்கைப் பிடித்தார். "முதல் பரிசு ஜோதிலட்சுமி! அறுபத்தோரு காண்டாக்ட்!"

மேடையேறி அவள் லெட்டரை வாங்கும்போது, பின்வரிசையில் சாஜிதாவின் செல்போன் அடித்தது. பேசி முடித்தவள் நேராக மேடைக்கு வந்தாள். பையிலிருந்து இரண்டு முகமூடிகளை எடுத்து, ஒன்றை அய்யாத்துரையிடமும் மற்றதை ஜோதிலட்சுமியிடமும் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு இது?" ஜோதிலட்சுமி லெட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் சுகாதாரத் துறை நர்ஸு. ஏர்போர்ட்ல சாருக்கு எடுத்த டெஸ்ட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு ஆர்டர். இப்பத்தான் வந்துச்சு. சாருக்குப் பன்றிக் காய்ச்சல். அவரோட காண்டாக்ட் லிஸ்ட்டுல மொதப் பேரு ஒங்களோடதுதான்."

"அய்யய்யோ, நான் ஒரே தடவதாங்க தொட்டேன்! வடைகூடப் பொய்யிங்க!"

"இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக சிஸ்டர்" என்றாள் சாஜிதா, கார்டை நோட்டில் பின் பண்ணியபடி. "ஏழு நாளைக்கு வாசப்படி தாண்டாதீக. திங்கக்கிழமை காலையில நானே ஓடைப்பட்டிக்கு வந்து பாக்குறேன்."