மலைப்பாம்புக்குள் ஒரு கிளினிக்

வயிற்றுவலியோடு வந்த மலைப்பாம்பு வாயைத் திறந்ததும், உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"இந்தக் கிளினிக்குக்குக் காட்டுக் காப்பீட்டு உரிமம் இருக்கிறதா?"

மைனா டாக்டருக்குக் குரல் பிடிபட்டது. ஆய்வுக்கு வரும் வழியில் காணாமல் போன பெருச்சாளி அதிகாரி.

"நீங்கள் பார்த்துக் கொடுத்தால்தானே ஐயா உரிமம்? முதலில் உங்களை வெளியே எடுக்கிறேன்."

"உரிமம் இல்லாமல் வைத்தியமா? குற்றம். கிளினிக்கை உள்ளே கொண்டுவா, பார்க்கிறேன்."

மைனாவுக்கு அந்தக் கிளினிக்தான் பிழைப்பு. பயந்துகொண்டே மேசை, நாற்காலி, மருந்துப்பெட்டி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போனது. அதிகாரி சுற்றிப் பார்த்து, திருப்தியாக உரிமம் கொடுத்தார்.

"டாக்டர், வலி கூடிவிட்டதே" என்று முனகியது பாம்பு.

மைனா அதிகாரியைப் பார்த்தது.

"நோயாளி கிளினிக்குக்குள் வந்தால்தான் காப்பீடு செல்லும்" என்றார் அவர்.

பாம்பு சற்று யோசித்துவிட்டு, தன் வாலை விழுங்கத் தொடங்கியது.