பழி ரவுட்டர் மேல

டிங். டிங். டிங்.

ஹெட்போனில் முதலில் வந்தது அந்தச் சத்தம்தான். யாரோ கரண்டியால் டம்ளரைத் தட்டும் சத்தம். அதன் பின்னால்தான் குரல் வந்தது.

"தம்பி, இன்னிக்கும் சம்பள சர்வர் திறக்கல."

ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் சலிப்போடு சாய்ந்து உட்கார்ந்தான். சம்பளப் பிரிவு அம்மா. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியவர். இந்த வாரம் முழுக்க இதே பாட்டு.

"வி.பி.என். கனெக்ட் ஆகுதா மேடம்?"

"அது ஆகுது. சர்வர்தான் சுத்திக்கிட்டே இருக்கு."

"மத்தவங்களுக்கெல்லாம் வருதே. உங்க ரவுட்டர்தான். ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க."

"தினம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கே சலிச்சுப் போயிருக்கும். கொஞ்சம் நல்லாப் பாருங்க தம்பி. இனிமே தடங்கல்னா ஆபீசுக்கே வந்துடணும்னு மானேஜர் சொல்லிட்டார்."

டிங். டிங்.

"வேலை நேரத்துல டிபனா மேடம்?"



"வீட்டுக்காரர் தம்பி. பக்கவாதம் வந்ததிலேருந்து பேச்சு வரல. கூப்பிடணும்னா டம்ளரைத் தட்டுவார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி விட்டுட்டு நான் உட்கார்றதுக்குள்ள மத்தவங்க எல்லாரும் வி.பி.என்.ல உள்ள போயிடறாங்க. கடைசி ஆளா நான்தான் வர்றேன். இருங்க, என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

கேட்டிருக்கவே வேண்டாம் என்று இருந்தது அவனுக்கு. மியூட்டை அழுத்திவிட்டுத் திரைக்குத் திரும்பினான்.

கடைசி ஆள்.

வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் ஒவ்வொருவருக்கும், வாசலாக நிற்கும் வி.பி.என். ஓர் எண் கொடுக்கும். எண்கள் போதவில்லையென்று போன வாரம் அவன்தான் புதிதாக ஒரு வரிசையைச் சேர்த்தான். முந்தி வருபவர்களுக்குப் பழைய எண். பிந்தி வருபவர்களுக்குப் புது எண்.

புது எண்காரர்களையும் உள்ளே விடு என்று ஃபயர்வாலுக்கு அவன் சொல்லவே இல்லை. வாசலைத் தாண்டி வந்தவரை, உள்ளே நின்ற காவல்காரன் தினமும் திருப்பி அனுப்பியிருக்கிறான். ஹெட்போனில் அந்த அம்மா திரும்பி வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அட மடையா," என்று முணுமுணுத்தான். "சேர்க்காம விட்டது நீ. அந்தம்மாவைப் போய் ரவுட்டரோட மல்லுக்கட்ட வச்சிருக்கியே."

ஒரே ஒரு வரி. சேர்த்தான். மியூட்டை எடுத்தான்.

"ஒரு செட்டிங் மாத்தியிருக்கேன் மேடம். இப்பப் பாருங்க."

"வந்துடுச்சு தம்பி."

அதற்குள் முதுகுக்குப் பின்னால் மானேஜர் வந்து நின்றிருந்தார்.

"மறுபடியும் அவங்கதானா? ஸ்பீக்கர்ல போடு. கோளாறு எங்க, நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

போன மாதம் அவன் கைதவறி ஆபீசே ஒரு நாள் முடங்கிப் போனதிலிருந்து மானேஜர் அவனைப் பார்க்கும் பார்வையே வேறு.

"அது வந்து சார்... ரவுட்டர்..."

"என் வீட்டு ரவுட்டர்தான் சார்," என்றது ஸ்பீக்கர்.

"அப்ப திங்கட்கிழமையிலேருந்து ஆபீசுக்கு வந்துடுங்க. வீட்லேருந்து வேலையெல்லாம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது."

"சரி சார்."

மானேஜர் தன் கண்ணாடி அறைக்குப் போய்விட்டார். அவன் ஸ்பீக்கரை அணைத்தான்.

"ஏன் மேடம் ஒத்துக்கிட்டீங்க? உங்க ரவுட்டர்ல..."

"ஒண்ணுமில்லைன்னு தெரியும் தம்பி. உங்க மியூட் சரியா விழல. உங்களை நீங்களே திட்டிக்கிட்டது நல்லாவே கேட்டுச்சு."

காது மடல் சுட்டது.

"அப்புறமும் ஏன்?"

"இன்னும் ஒரு தப்பு வந்தா உங்க கணக்கை முடிச்சிடுங்கன்னு சார் போன மாசமே என்கிட்ட சொல்லி வச்சிருக்கார். உங்களுக்கும் குடும்பம் இருக்கு. அதை என் கையால செய்யணுமான்னு இருந்துச்சு."

"வீட்டுக்காரரை யாரு பார்த்துப்பாங்க?"

"அதைத்தான் யோசிக்கணும்." குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க வேலையைப் பாருங்க தம்பி. சர்வர் இப்பத்தான் வழிக்கு வந்திருக்கு. எல்லாருக்கும் சம்பளம் ஏத்தணும்."

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். எழுந்து கண்ணாடி அறையை நோக்கி நடந்தான்.

ஹெட்போனில் விசைப்பலகை தட்டும் சத்தம் சன்னமாகக் கேட்டது. அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து சம்பளம் ஏற்றிக்கொண்டிருந்தார்.