இரண்டு கனைப்பு

"கொஞ்சமா வச்சாலே வேலை செய்யணும். மோந்து பாத்ததும் அது தன்னையே மறந்து வாயைத் திறக்கணும். அப்படி ஏதாவது இருக்கா?"

நாய்த்தீனிக் கடைக்காரப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிவந்த கண், நறநறவென்று பல். ஆள் முகமே சரியில்லை.

"யார் வீட்டு நாய்க்கு சார்?"

"என் நாய்தான்மா. குட்டி. பழக்கணும்." மாஸ்டர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்புத் தலையை எடுத்துக் காட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. "வயித்துக்கு இந்தக் குட்டித் தீனி. தண்ணியில ஊறவச்சுக் குடுங்க. பெரிய நாய்க்குப் போடுறது வேணாம், இதுக்குச் செரிக்காது. பழக்குறதுக்குக் கோழி ஈரல் துண்டு, பட்டாணி அளவுக்குக் கிள்ளிக் குடுங்க. பிஸ்கட்னா அதைக் கடிச்சு முடிக்கிறதுக்குள்ள எதுக்குக் குடுத்தீங்கன்னே மறந்துடும். என்ன பழக்கப்போறீங்க? உக்காரவா, கை குடுக்கவா?"

"திங்காம இருக்க," என்றார் மாஸ்டர்.

பின்னே? பதினேழு வருஷம் ஒரே ஹோட்டல் அடுப்படியில் வெந்தவர் அவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வறுத்த கோழியில் உப்பு தூக்கலாகிவிட்டது. முதலாளி அவரை வெளியே வரவழைத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது பேர் முன்னால் தட்டைத் தள்ளினார்.

"இதை நாய்கூடத் தின்னாதுய்யா!"

இருபது பேரும் சிரித்தார்கள். மாஸ்டர் அன்றே வேலையை விட்டார், அந்தச் சிரிப்புதான் அவரை விடவில்லை. அதே ஹோட்டல், அதே கோழி, நிஜமாகவே ஒரு நாய் என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

மூன்று மாதம் வேறு வேலையே இல்லை. மூடிய கையில் ஒரு துண்டு. குட்டி மோந்து, நக்கி, கெஞ்சும். அவர் இரண்டு முறை தொண்டையைக் கனைப்பார். அலுத்துப்போய் அது முகத்தைத் திருப்பினால், மறு கையிலிருந்து ஈரல். நாளாக நாளாகக் கனைத்த மாத்திரத்தில் கழுத்து திரும்பியது. அவரைக் கேட்டால், சில மனிதர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டது.

வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே? மனைவி ஒரு துணிக்கடையில் துணி மடிக்கும் வேலை என்று சொல்லிப் போனாள். சாயங்காலம் அவள் தலை தெரிந்தால் போதும், குட்டி பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் விரல்களை ஒன்றுவிடாமல் நக்கும்.

"நாள் பூரா நான் கத்துக் குடுக்கிறேன், நீ வந்து கெடுக்கிறே!"

"நான் என்னங்க பண்ணேன்?" என்று கையை இழுத்துக்கொண்டு அவள் குளிக்கப் போய்விடுவாள்.

போதாக்குறைக்கு முடிவெட்டுகிறவர் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "உங்க பழைய ஹோட்டல்ல இப்ப கோழி சக்கைப்போடு போடுது மாஸ்டர். புது ஆளாம்!"

எவன் அவன்? அவன் மூஞ்சியிலும் சேர்த்துக் கரி பூசுவது என்று மாஸ்டர் அந்த நாற்காலியிலேயே தீர்மானித்தார்.

பழைய ஹோட்டலில் நல்ல மதிய நேரம். ஒரு நாற்காலி காலியில்லை. மாஸ்டர் வாசலோர மேசையில் உட்கார்ந்து வறுத்த கோழி கேட்டார். வந்த தட்டைக் கையால் தொடவில்லை. எல்லோரும் பார்க்கும்படி தூக்கித் தரையில் வைத்தார்.

குட்டி பாய்ந்தது. மோந்தது. வால் சுழன்ற வேகத்தில் உடம்பே ஆடியது. வீட்டில் எந்த ஈரலுக்கும் அது இப்படிக் குதித்ததில்லை.

மாஸ்டர் இரண்டு முறை கனைத்தார்.

வாயில் எச்சில் ஒழுக ஒழுக, குட்டி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது. என் தங்கமே!

"பாத்துக்கங்கய்யா எல்லாரும்!" மாஸ்டர் எழுந்து நின்றார். "இங்க சமைக்கிறதை நாய்கூடத் தின்னல! இதை ஆக்கின கையை அடுப்புல வைக்கணும்!"

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். ஒரு தட்டு தள்ளப்பட்டது, அடுத்த மேசையில் இன்னொன்று. மாஸ்டருக்கு மூன்று மாதப் பசி ஒரே நொடியில் அடங்கியது.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று மாஸ்டர் ஆசையோடு காத்திருந்தார். அவரோ மாஸ்டரைப் பாவமாகப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, கரண்டியை வச்சுட்டுக் கொஞ்சம் வெளிய வாம்மா, உன் சமையலைப் பத்தி உன் வீட்டுக்காரர் என்னவோ சொல்றாரு!"