மச்சானிடம் தோற்பதா?

“தலைய வேணா வெட்டிக்குங்க சார். வாளை மட்டும் அவன் கையில குடுக்க மாட்டேன்” என்றார் குழந்தைசாமி.

சார்லஸுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளை மறுநாள் பள்ளி ஆண்டு விழா. பெற்றோர் நடிக்கும் அமெரிக்கச் சுதந்திரப் போர் நாடகம். சமூக அறிவியல் வாத்தியார் என்ற ஒரே பாவத்துக்காக, எழுதி இயக்கும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது.

கடைசியில் தோற்று வாளை ஒப்படைக்கும் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸாகக் குழந்தைசாமி. அமெரிக்கத் தளபதி வாஷிங்டனாக அடைக்கலசாமி. இருவரும் ஈஸ்டருக்கு ஈஸ்டர் ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் வேஷம் கட்டி ஊரையே அழவைக்கிறவர்கள். நடிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் வேஷத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் சார்லஸுக்குச் சங்கதி தெரிந்தது. குழந்தைசாமி கட்டியிருப்பது அடைக்கலசாமியின் தங்கையை. மச்சானும் மாப்பிள்ளையும் பேசி ஆறு மாதமாகிறது.

“அண்ணே, இது நாடகம்ணே. நெசமாவா தோக்குறீங்க?”

“ஊரே உக்காந்து பாக்கும்ல? அவன் மக கோயில்ல மொத மொத நன்மை வாங்குன புதுநன்மை விருந்துல, வீட்டு மாப்பிள்ளை என்னைய முதப் பந்திக்குக் கூப்பிடல சார். ரெண்டாம் பந்தியில உக்காந்தேன். எலையில வெறும் எலும்பு! அவன் முன்னாடி நான் தலை குனியணுமா?”

“கறிச் சோத்துக்காக ஆறு மாசமாவா சண்டை போடுவாங்க?”

“தேயிலைக்கு வரி போட்டதுல ஆரம்பிச்சு எட்டு வருஷம் அடிச்சுக்கிட்டாங்கன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? டீத்தூளுக்கு ஆட்டுக்கறி எந்த விதத்துல கொறச்சல்?”

போர் மூண்ட காரணங்களை ஒரு மாதமாக நடத்திய சார்லஸ், உதவிக்கு ஆள் தேடித் திரும்பிப் பார்த்தான்.

அங்கிட்டு மரத்தடியில் மீசையை நீவிக்கொண்டிருந்த அடைக்கலசாமி, “சார், வாளைக் குடுக்கயில நல்லாக் குனிஞ்சு குடுக்கச் சொல்லுங்க” என்று வேறு எண்ணெய் ஊற்றினார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கத்தி தொங்கியது. அன்று காலைதான் தாளாளர் ஃபாதர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“போன வருஷம் சோழ ராஜா கையில வாட்ச் கட்டிக்கிட்டு வந்தாரு. சொர்ணவல்லி அம்மா மைக்கிலயே சொல்லி மானத்த வாங்கிட்டாங்க. அவங்க ரிட்டயர்டு ஹிஸ்டரி புரொபசர். இந்த வருஷமும் அவங்கதான் சீஃப் கெஸ்ட். தப்புன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, ஜூன்லருந்து ஒங்களுக்கு இங்க வேலை இல்ல சார்லஸ். நல்லா இருந்துச்சுன்னா பெர்மனென்ட்.”

வீட்டில் மனைவி ஃபெமினாவுக்கு ஏழாம் மாதம். இந்த நேரத்தில் வேலை போனால் எங்கே போய் நிற்பது? சார்லஸ் பாடப் புத்தகத்தை எடுத்து வந்து குழந்தைசாமியின் மூக்குக்கு நேரே நீட்டினான். ‘யார்க்டவுனில் காரன்வாலிஸ் வாஷிங்டனிடம் சரணடைந்தார்.’ இருந்தது அந்த ஒரு வரிதான்.

“இதை மாத்துனா என் பொழப்பு போயிரும்ணே. கும்புட்டுக் கேக்குறேன்.”

குழந்தைசாமி புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். “சரி, ஒங்க மொகத்துக்காக வாரேன்” என்றார்.

விழா அன்று நாடகம் பிரமாதமாகத்தான் தொடங்கியது. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளை எறிந்தபோது விசில் பறந்தது. பங்கர் குன்றில் விழுந்து செத்த இரண்டு அப்பாக்கள், பிள்ளைகள் கைதட்டவும் எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி செத்தார்கள். முன்வரிசையில் சொர்ணவல்லி அம்மாள் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பேனா அசையும்போதெல்லாம் சார்லஸ் பாடப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டான்.

கடைசிக் காட்சி, யார்க்டவுன். திரை விலக ஒரு நிமிடம்தான் இருந்தது. காரன்வாலிஸைக் காணோம்!

அவருடைய துணைத் தளபதியாக நடித்த ஆட்டோ டேவிட் மட்டும் வாளோடு ஓடிவந்தான். “சார், அண்ணனுக்கு வயித்து வலியாம். வாளை என்கிட்ட குடுத்தனுப்பிட்டாரு.”

“அடப்பாவி! இப்பத்தான பின்னால நின்னு போண்டா தின்னுக்கிட்டிருந்தாரு!”

அதற்குள் எவனோ திரையை இழுத்துவிட்டான். டேவிட் வேறு வழியில்லாமல் மேடையேறினான். “தளபதி காரன்வாலிஸுக்கு ஒடம்பு சரியில்லைங்க. அதான் நான் வந்திருக்கேன்” என்று வாளை நீட்டினான்.

அடைக்கலசாமியின் முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை குனியும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே மனிதர் கோட்டெல்லாம் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்!

“அவன் வரலையா? எடுபிடிய அனுப்பியிருக்கானா? அப்ப நானும் தொட மாட்டேன். இந்தா நிக்கிறான்ல என் எடுபிடி, அவன்கிட்ட குடு!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலையில் கொடி பிடித்து நின்ற வாஷிங்டனின் துணைத் தளபதி, முழித்துக்கொண்டே வந்து வாளை வாங்கினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சார்லஸே ஓடிப்போய்த் திரையை மூடினான்.

முடிந்தது கதை. தோற்றவனும் தரவில்லை, ஜெயித்தவனும் வாங்கவில்லை. ஃபாதர் இருந்த இடத்திலிருந்தே சார்லஸை ஒரு பார்வை பார்த்தார். ஃபெமினாவிடம் எப்படிச் சொல்வதென்று அவன் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டான்.

சொர்ணவல்லி அம்மாள் குறிப்போடு மைக்கைப் பிடித்தார்.

“நாப்பது வருஷம் இந்தப் போரைப் பாடம் நடத்துனவ நான். கடைசிக் காட்சிய எல்லாரும் தப்பாத்தான் காட்டுவாங்க. உண்மையில காரன்வாலிஸ் உடம்பு சரியில்லைன்னு சாக்குச் சொல்லிட்டு அங்க வரவே இல்ல, துணைத் தளபதிகிட்டதான் வாளைக் குடுத்தனுப்பினான். வாஷிங்டனும் அதைத் தொடல, என் துணைத் தளபதிகிட்ட குடுன்னுட்டார். இவ்வளவு நுணுக்கமாப் படிச்சு நாடகம் போட்ட அந்த வாத்தியார் யாருங்க ஃபாதர்?”