லில்லிக் கிழங்குக்குப் பாகம்

1991 பிப்ரவரி 17 அன்று கோத்தகிரியில், காலமான தேவசகாயத்தின் இரண்டு மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீடு, பசு எல்லாம் சுமுகமாக முடிந்தது. மிஞ்சியது ஒரேயொரு லில்லிக் கிழங்கு. அந்தச் சிவப்புப் பூ ஊரில் வேறு யாரிடமும் இல்லை. வருடந்தோறும் மலர்க்காட்சிக் கோப்பை அதற்குத்தான். மூத்தவர் அருளப்பனுக்கு அந்தக் கோப்பை வேண்டும். அதைவிட, அது தம்பிக்குப் போய்விடக் கூடாது.

"அண்ணன் வெட்டட்டும், தம்பி முதல்ல எடுக்கட்டும்" என்றார் பாகம் பிரிக்க வந்த சர்ச் உபதேசியார். அது அங்கே வழக்கம்.

அருளப்பன் நூல் பிடித்து அளந்தார்.

"ஆப்பரேஷனாண்ணே பண்றே? வெங்காயம் மாதிரி வெட்டு" என்றான் தம்பி சேசுராஜ். வெட்டியதும் ஒரு பாதியை எடுத்துக்கொண்டான்.

"அவன் துண்டுலதான் வேர் ஜாஸ்தி!" என்று அருளப்பன் குதித்தார்.

"அப்ப ரெண்டையும் இன்னொரு வாட்டி வெட்டுங்க" என்றார் உபதேசியார்.

நான்கானது, எட்டானது. ஒவ்வொரு தடவையும் தம்பி எடுத்ததே அருளப்பன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பதினாறில்தான் கத்தி நின்றது. ஒவ்வொரு கீற்றின் அடியிலும் கொஞ்சம் வேர் ஒட்டியிருந்தது.

"இத்தனை தொட்டிக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்ற சேசுராஜ், ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டான். அருளப்பன் தன் எட்டையும் மடியில் கட்டிக்கொண்டு நடந்தார்.

நான்காம் வருடம் அவர் பூத்த தொட்டியைச் சுமந்துகொண்டு மலர்க்காட்சிக்குப் போனபோது, மேஜை நெடுக அதே சிவப்பு நின்றது. உபதேசியாருடையதும் அதில் ஒன்று. அந்த வருடம் கோப்பை ஒரு காலிஃபிளவருக்குக் கிடைத்தது.